ஏழாவது வளைவில் யானை இல்லை

தேநீருக்கு நன்றி அம்மா. சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் யானை வராது. வாசலில் நிற்கிற ஏட்டையா சிரிக்கிறார் பாருங்கள். அவர் இந்த ஊர்க்காரர், சின்ன வயதிலிருந்தே என்னைத் தெரியும். நீங்கள் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். என்னைத் தெரியாத ஒருவர் இந்தப் பள்ளத்தாக்கில் கிடைப்பது கஷ்டம்.

என் பெயர் அம்மாவாசி. கம்பம் டவுனில் ஜீப்புகளுக்கு வயரிங் பார்ப்பது தொழில். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப்புகளில் பாதி என் கைபட்டவை. இப்போது கூப்பிட்டால் மட்டும் போகிறேன். மீதி நேரம் உசேன் டீக்கடையில். அங்கே கதை சொல்வேன்.

அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். சுருளி அருவியில் குளிக்கும்போது என் பல்செட் தண்ணீரோடு போனது உண்மை. மறுவருடம் வைகை அணையில் பிடிபட்ட ஒரு கெண்டை அதை மாட்டியிருந்தது என்பதும், அது என்னைவிட நன்றாக மென்றது என்பதும் நான் சேர்த்தது. யாரும் நம்பமாட்டார்கள். யாரும் எழுந்து போகவும் மாட்டார்கள். நடுவில் நிறுத்தினால், “அப்புறம்?” என்று ஒருவர் கேட்பார். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவது.

இந்த வருடம் அது நின்றுபோனது.

எங்கள் பக்கத்துக் கல்லூரியின் கால்பந்து அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் கொண்டுவந்த கால்பந்துக் காய்ச்சல் இது. இறுதிப் போட்டி மதுரை அணியோடு, நம் மைதானத்திலேயே, முதல்முறையாக விளக்கு வெளிச்சத்தில். மற்ற பத்துப் பேரைப் பற்றி ஊரில் சண்டை இல்லை. கோல் கீப்பராக யார் நிற்பது என்பதில்தான். வினோத்ராஜ் நெட்டை. கோல் கோட்டைத் தாண்டி நகரமாட்டான், பிடித்த பந்து கையில் ஒட்டிக்கொள்ளும். ஈஸ்வரபாண்டி குட்டை. பாதி மைதானம் வரை ஓடிவந்து பந்தை உதைத்துவிட்டுத் திரும்பி ஓடுவான். காலிறுதியில் வினோத்ராஜுக்கு விரல் பிசகியபோது இறங்கியவன், பெனால்ட்டியில் இரண்டைத் தடுத்துவிட்டான். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. மற்ற இடங்களில் ஆளை முன்னே பின்னே தள்ளி இருவரையும் ஆடவைக்கலாம். கோலில் ஒருவன்தான் நிற்க முடியும்.

உசேன் ஈஸ்வரபாண்டி கட்சி. பழமண்டி விஜயகுமார் வினோத்ராஜ் கட்சி.

“பெனால்ட்டியில ரெண்டைத் தடுத்தான்ல?” என்பார் உசேன்.

“மேட்ச்சுல ரெண்டை விட்டதாலதான பாய் பெனால்ட்டிக்கே போச்சு?”

“ஓம் ஆளு கோலுக்கு மூணாவது கம்பி. நட்டு வச்ச எடத்துலயே நிப்பான்.”

“அதுக்குப் பேருதேன் கீப்பரு. ஓம் ஆளு பந்து பொறுக்கப் போற பய.”

உசேன் விஜயகுமாரின் டீயில் சர்க்கரையைக் குறைத்தார். விஜயகுமார் வீட்டிலிருந்தே சர்க்கரையைப் பொட்டலம் கட்டி வந்தார். கால்பந்து வாட்ஸப் குழு இரண்டாக உடைந்தது. ஒரு நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இதைப் பேசிப்பேசித் தாம்பூலம் மாற்ற மறந்தார்கள். இது உண்மை, வேண்டுமானால் விசாரியுங்கள்.

நான் பல்செட் கதையை ஆரம்பித்தேன். அது அருவியில் விழுந்த இடத்தில் விஜயகுமார், “பெருசு, கொஞ்சம் பொறுங்க” என்றார். பொறுத்தேன். மறுநாளும் பொறுத்தேன். பல்செட் அருவியிலேயே கிடந்தது.

ஊர் பிளந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வயதானவன் ஒருவன் சும்மா இருக்க முடியாது. ஊர் அமைதிக்காகத்தான் செய்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் சாயங்காலம், சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரம், டம்ளரைப் பார்த்தபடியே சொன்னேன். “லைட்டு வெளிச்சத்துல மேட்ச்சாமே. வினோத்ராஜுக்கு அது ஆகாதேப்பா.”

எல்லாரும் திரும்பினார்கள். அவனுக்கு மாலைக்கண் என்றேன். அது அவர்கள் குடும்பத்திலேயே உண்டு, அவனுடைய தாத்தா பொழுது சாய்ந்தபின் செம்பை எடுத்துக்கொண்டு போய்க் காளையில் பால் கறக்கப் பார்த்தவர், காளையும் பெரிய மனதோடு கொஞ்ச நேரம் நின்றது என்றேன். அவனுடைய தாத்தாவை நான் பார்த்ததே இல்லை.

உசேன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டு, “அப்புறம்?” என்றார்.

மறுநாள் அந்தக் கதை வாட்ஸப்பில் வளர்ந்து என்னிடமே வந்தது. அவன் ஒருமுறை பந்து என்று நினைத்துக் காக்கையைப் பாய்ந்து பிடித்தானாம். அதை நான் சொல்லவில்லை. ஆனால் நன்றாக இருந்தது.

பயிற்சியாளர் அவனைப் பொழுது மங்கும் நேரத்தில் மைதானத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்க விளம்பரப் பலகையைப் படிக்கச் சொன்னார். படித்தான். தினமும் பார்க்கிற பலகை, மனப்பாடம் என்றார்கள். பந்தை வீசிப் பார்த்தார்கள். பிடித்தான். சத்தத்தை வைத்துப் பிடிக்கிறான் என்றார்கள். கடைசியில் பயிற்சியாளர், எதற்கு வம்பு, ஈஸ்வரபாண்டியே நிற்கட்டும் என்றுவிட்டார். அந்த இறுதிப் போட்டியைப் பார்க்க, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிற ஒருவர் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. அவருக்கு முன்னால் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தவன் வினோத்ராஜ். அவனுக்கு அப்பா கிடையாது. அம்மா அன்னத்தாய் சுருளிப்பட்டியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள்.

அவன் கடைக்கே வந்தான். கையில் கீப்பர் கையுறைகள் இருந்தன. கோபப்படவில்லை.

“தாத்தா, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா விட்டுருவாக.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் கடையில் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உசேன் பால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். நான் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன், ஒன்றையும் திரும்ப வாங்கியதில்லை. கெண்டை மீனையே திரும்ப வாங்கவில்லை.

“பேச்சு எதுக்குய்யா? பாத்துட்டாப் போச்சு” என்றேன்.

கம்பம்மெட்டுச் சாலை உங்களுக்குப் போகப்போகத் தெரியும். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில், எதிரே வருகிற வண்டி தெரிவதற்காகக் கம்பத்தில் ஒரு குண்டுக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் முன்விளக்கு இல்லாமல் பைக்கில் அதுவரை ஏறி, அந்தக் கண்ணாடிக் கம்பத்தில் ஒரு கையுறையை மாட்டிவிட்டு இறங்கி வரட்டும் என்றேன். வந்துவிட்டால் கண் தெரிகிறது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. நியாயமான ஏற்பாடு என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். வாரக்கணக்கில் அவர்கள் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அது. உசேன் அன்றைக்கு விஜயகுமாருக்குச் சர்க்கரை போட்டார்.

இப்போதைய வண்டிகளில் என்ஜின் ஓடினால் முன்விளக்கு தானாகவே எரியும், அணைப்பதற்கு சுவிட்ச் கிடையாது. யாராவது பல்பைக் கழற்ற வேண்டும். அதற்கு என்னைவிட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் அவனுடைய பைக்கை நிறுத்தி நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பையன் பக்கத்தில் குந்தியிருந்தான். மெதுவாகக் கேட்டான்.

“தாத்தா, ஜீப்பு வருமா?”

“ஞாயித்துக்கெழமை எங்கடா ஜீப்பு? தோட்டமெல்லாம் லீவு” என்றேன்.

தலையாட்டினான். ஜீப்பு விஷயத்தில் என் வார்த்தையை இந்த ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஏலக்காய் பறிக்கிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஜீப் போய்வரும். அந்த ஜீப்புக்குச் சனிக்கிழமை நான்தான் பேட்டரி மாற்றிக் கொடுத்திருந்தேன்.

அவன் ஏறிப் போனான். நாங்கள் கீழே நின்றோம். ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லாரும் ஒரே பக்கமாக நின்று ஒரே பக்கம் பார்த்தார்கள். மலையில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. என்ஜின் சத்தம் ஏறுவது கேட்டது, நின்றது, பிறகு இறங்குவது கேட்டது. விஜயகுமார், “மாட்டிட்டான்யா” என்றார். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

வந்தது ஜீப். வேலை முடிந்து வந்த பெண்களின் மடியில் நீளவாக்கில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு கையில் கையுறை இருந்தது, மறுகையில் இல்லை. ஜீப்பை ஓட்டிவந்த சுரேஷ்கண்ணன் கீழே இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வளைவு திரும்புறேன், முன்னாடி வண்டியே இல்ல மாமா. இருட்டுத்தேன் இருந்துச்சு. ஒரு செவப்புப் புள்ளிகூடத் தெரியல.”

அவன் சொன்னது சரி. முன்விளக்கு மட்டும்தான் பேச்சு. கண் தெரிகிறதா என்று பார்க்கப் பின்விளக்கைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. கழற்றியிருந்தேன். பிரேக் பிடித்தால் எரிவதும் அதே பல்புதான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பையன் கையுறையை மாட்டிவிட்டுத் திரும்பி வந்திருந்தால் என் கதை என்ன ஆவது? நான் இதைக் கோபத்தில் செய்யவில்லை. அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நல்ல பையன். வண்டியில் ஏறும்போது என் கையில் கிரீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தன் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் ஜீப் ஒன்றில் ஏறி ஏழாவது வளைவில் இறங்கினேன். கையுறை கம்பத்தில் மாட்டியிருந்தது. காற்றுக்குப் போகாதபடி அதன் மணிக்கட்டுப் பட்டையைச் சுற்றி ஒழுங்காக ஒட்டியிருந்தான். அந்த இருட்டில் அதைச் செய்ய நல்ல கண் வேண்டும். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் அவன் பாதி வழியிலேயே திரும்பிவிட்டான், கையுறை எங்கோ விழுந்துவிட்டது என்றாகிவிட்டது. மாலைக்கண் பையன், விளக்கு இல்லாமல் போய் ஜீப்பின் முன்னால் விழுந்தான். ஊர் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருப்பதாக ஏட்டையா சொன்னார். கடையில் என்னைப் பார்த்து, “பெருசு அப்பவே சொல்லுச்சு” என்றார்கள். என் ஆயுளில் நான் சொன்ன ஒன்று உண்மையானது அதுதான் முதல்முறை.

ஈஸ்வரபாண்டி இறுதிப் போட்டியில் நிற்கமாட்டேன் என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டான். மூன்றாவதாக எவனோ நின்று நான்கு கோல் வாங்கினான். ஆக, இரண்டு பேரில் யார் என்ற கேள்வியே ஊரில் இல்லாமல் போயிற்று. அமைதிதான்.

பிறகு அன்னத்தாய் வந்தாள். கடைக்கு உள்ளே வரவில்லை, சாலையிலேயே நின்றாள்.

“போனவன் திரும்ப மாட்டான் மாமா. ஆனா கண்ணு தெரியாதவன்னு சொல்றாக. எனக்குத்தேன் சாயங்காலமானா கண்ணு தெரியாது. தெனமும் ஊசியில நூலு கோத்துக் குடுத்தது அவந்தேன். அவனுக்குக் கண்ணு தெரியும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

மகன் கேட்ட அதே வார்த்தை. இந்தமுறை சொன்னேன். அன்று மாலையே கடையில் எல்லாவற்றையும் சொன்னேன், மாலைக்கண் நான் கட்டியது, ஜீப் வரும் என்று எனக்குத் தெரியும், பல்புகள் என்னிடம் இருக்கின்றன என்று. விஜயகுமார் மெல்லக் கேட்டார், “அப்புறம்?”

அதுதான் தப்பாகிவிட்டது, அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டதும் வாய் தானாக ஓடியது. கையுறையை எடுக்கப் போனபோது ஏழாவது வளைவில் ஒரு யானை நின்றது என்றேன். அது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றும், கையுறையைத் தும்பிக்கையில் மாட்டிப் பார்த்து, அளவு சரியில்லை என்று என்னிடம் கொடுத்தது என்றும் சொல்லிவிட்டேன். உசேன் என் தோளில் கை வைத்தார். “அந்தப் பொம்பளை மனசு ஆறட்டும்னு பழியத் தன்மேல போட்டுக்கிருது பாரு. நல்ல மனுசன்” என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.

அன்னத்தாய் சாலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். யானை வந்த இடத்தில் திரும்பிப் போய்விட்டாள்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். இதோ, இது முன்விளக்குப் பல்பு. இது பின்விளக்கு. இது கையுறை. ஏட்டையா சொல்வதும் சரிதான், ஜீப்புக்கு வயரிங் பார்க்கிறவன் வீட்டில் பல்பு கிடப்பது அதிசயமில்லை, கையுறை கடையில் கிடைக்கும், அந்த வண்டியிலும் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. கடைக்குப் போகிறேன். பல்செட் கதையை முழுசாகச் சொல்லச் சொல்லி நேற்றே கேட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போதெல்லாம் விடியற்காலையில் விழிப்பு வந்தால் இதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். பின்னாலிருந்து அவ்வளவு பெரிய ஜீப் வெளிச்சத்தோடு வருகிறது. அவன் பைக்கில் இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறது, அவற்றை நான் தொடவே இல்லை. கண் தெரிந்தவனாக இருந்தால், அம்மா, ஒரு தடவையாவது பார்த்திருப்பான்.