செவ்வாய்க்கிழமை எடுத்த அஞ்சு புத்தகம்

இல்லம்மா, எதுவும் தொலையல. அஞ்சும் இந்தப் பையிலதான் இருக்கு, டெஸ்டருக்கும் டேப்புக்கும் நடுவுல. இருங்க, எடுத்து வெக்கறேன். பாலிதீன் உறை நான் போட்டது. கிழியல, மடங்கல, நீங்களே பாத்துக்கோங்க.

ஆமா, அஞ்சும் ஒரே ஆள் எழுதினதுதான். ஆமா, ஆறு வருஷமா நான்தான் எடுத்துட்டிருக்கேன். கம்ப்யூட்டர்ல வரிக்கு வரி என் பேர்தானே வருது. உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்த சார் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. நீங்க வந்த ரெண்டாவது வாரமே கேட்டுட்டீங்க. தப்பில்ல. அறுபத்தேழு வயசு எலெக்ட்ரீஷியன், ஹைஸ்கூல் பிள்ளைங்க படிக்கற நாவலைத் திருப்பித் திருப்பி எடுத்தா யாருக்கும் தோணத்தான் செய்யும்.

எழுதினது என் தங்கச்சி.

பின்னட்டைல போட்டோ இருக்கு பாருங்க. ஜாடை தெரியுதா? மூக்கு மட்டும்தான் ஒண்ணு. மூளை மொத்தத்தையும் தங்கச்சி எடுத்துக்கிட்டா, மூக்கை மட்டும் சரிபாதியா பிரிச்சுக்கிட்டாங்கன்னு வீட்ல சொல்லுவாங்க. அவளும் கல்யாணம் பண்ணிக்கல, எனக்கும் வீட்டுக்காரி போய்ச் சேந்தாச்சு. மாடில அவ, கீழ நான்.

இதுதான் முதல் புத்தகம், ஈரச் சீருடை. நனைஞ்ச யூனிஃபார்மோட பரீட்சை எழுதப்போற பொண்ணு கதை. அப்ப அவளுக்கு இருபத்தாறு வயசு, கணக்கு டீச்சர். இதுக்குப் பரிசு குடுத்தாங்க. ஸ்கூல் ஸ்கூலா கூப்பிட்டாங்க. லெட்டர் வரும் பாருங்க, தபால்காரர் எங்க வீட்டுக்குன்னு தனியா ஒரு கட்டு கட்டி எடுத்துட்டு வருவாரு. எல்லாத்துக்கும் பதில் போடுவா. வந்த அன்னிக்கே போடணும் அவளுக்கு. சாப்பாடு ஆறிடும், கூப்பிட்டா காதுல விழாது. என்னத்தடி எழுதுவ இத்தனை பேருக்குன்னு கேட்டா, ரெண்டு வரி போதும்ணா, மூணாவது வரி வந்தா அட்வைஸாயிடும்னுவா.

ரெண்டாவது இது, நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். வாலிபால் ஆடற குள்ளப் பொண்ணு. மூணாவது, லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம். இதுல ஒரு பெரியவர் வருவாரு. லிஃப்ட் நின்னதுலேந்து ஃபியூஸ்தான் போயிருக்கும், ஃபியூஸ்தான் போயிருக்கும்னு சொல்லிட்டே இருப்பாரு. கடைசி வரைக்கும் தப்பாவே சொல்லுவாரு. அது நான்தான். கேட்டா, சேச்சே நீ இல்லண்ணாங்கறா.

நாலாவது, அஞ்சாவது வந்தப்ப பிள்ளைங்க கைல வேற வந்துடுச்சு. போன்தான், வேற என்ன. அஞ்சாவது போட்ட பதிப்பகத்தையே இழுத்து மூடிட்டாங்க. லெட்டர் மாசத்துக்கு ஒண்ணாச்சு, அப்புறம் அதுவும் நின்னுச்சு. அவ ஆறாவது புத்தகத்துக்குன்னு வாங்கி வெச்ச நோட்டுல கேஸ்காரர் நம்பர், பிளம்பர் நம்பர்னு எழுத ஆரம்பிச்சா. அவ்ளோதான்.

உங்க தலைக்கு மேல எரியுதே, அந்த லைட் நான் மாட்டினது. இந்த ஹால் மொத்தமும் நான்தான். அன்னிக்கு ஏணில நிக்கறேன், கீழ ஒரு அட்டைப்பெட்டி. மேலாக்க இந்த ரெண்டாவது புத்தகம், முதல் பக்கத்துல சிவப்பு மையில குறுக்க ஒரு கோடு. சார்கிட்ட கேட்டேன். மூணு வருஷமா யாரும் எடுக்கலன்னா ஷெல்ஃப விட்டு எடுத்துடணும், ரூல்னாரு. அடுத்த லிஸ்ட்ல மத்த நாலும் இருந்துச்சு. ஏணிய விட்டு இறங்கி, அஞ்சையும் என் பேர்ல எழுதுங்கன்னேன். அவர் என் மூஞ்சியப் பாத்தாரு. அந்தக் கோட்டு மேலயே சீலைக் குத்திக் குடுத்துட்டாரு. வாழ்க்கைல நான் லைப்ரரி கார்டு வாங்கினது அன்னிக்குத்தான்.

மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா போதுமேங்கறீங்க. சரிதான். ஆரம்பத்துல நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அவ நடமாட்டமா இருந்த வரைக்கும் அவளே இங்க வருவா. வேற எதையோ தேடற மாதிரி அந்த ஷெல்ஃப் முன்னாடி நின்னுட்டுப் போயிடுவா. கால் விழுந்தப்புறம் என்னை அனுப்பினா, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள மேலேந்து குரல் வரும், என் புத்தகம் ஷெல்ஃப்ல இருக்கான்னு. இருக்குன்னு சொன்னா அன்னிக்கு முழுக்கப் பேச்சு இருக்காது. நான் பொய் சொன்னா கண்டுபிடிச்சுடுவா, டீச்சர் இல்லயா. அதான் நிஜமாவே எடுத்துட்டுப் போயிட்டா தேவலைன்னு ஆயிடுச்சு. மாடிப்படிக்குக் கீழ என் டூல்ஸ் பையில வெச்சுட்டு மேல போவேன். ஷெல்ஃப்ல ஒண்ணுகூட இல்ல, எல்லாம் வெளில போயிருக்குன்னு சொல்லலாம். உண்மைதானே. அன்னிக்கு ஒழுங்கா சாப்பிடுவா.

அப்புறம், யார் எடுத்தாங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டா. அதுக்குப் பொய் சொல்லித்தான் ஆகணும். ஒரு பொண்ணு, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கா, பையை ஒத்தைத் தோள்ல மாட்டியிருந்தான்னு எடுத்து விட்டேன். கண்டுபிடிக்கல. இல்ல, கண்டுபிடிச்சும் விட்டுட்டாளோ என்னவோ. லெட்டர் போடுவாளாண்ணான்னு கேட்டா. பரீட்சை முடியட்டும்னேன்.

என்னம்மா இது? எந்தப் புத்தகம் வேணும்னு பிள்ளைங்க எழுதி வெக்கற நோட்டா? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம். யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க, வந்தா எனக்குச் சொல்லுங்க. பென்சில்ல எழுதியிருக்கா. இங்க திரும்ப. இங்கயும். அதே கையெழுத்து, நாலு தடவை.

யாரோங்கறது நான்தான்.

சார் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என்னப் பாத்து பாவம்னு விட்டிருப்பாரு. நல்ல மனுஷன்.

நீங்க பாத்தீங்களா அந்தப் பொண்ண? போன வாரம்கூட வந்தாளா. பல்லுல கம்பி? இல்லயா. கிராப் வெட்டிட்டு, கொஞ்சம் பூசினாப்ல, சைக்கிள்ல வருவாளா. சரி. நான் சொன்னது ஒண்ணுகூட ஒத்து வரல.

இதுக்குக் கீழ என்னமோ பொடியா எழுதியிருக்கே. ஈரச் சீருடை ஃப்ரெண்ட் வீட்ல படிச்சேன், எழுதினவங்களுக்கு லெட்டர் போடணும், அட்ரஸ் கிடைக்குமா. தேதி என்னம்மா அது? ஜூன் ஏழா.

ஜூன்ல தங்கச்சி உயிரோடதான் இருந்தா. ஆகஸ்ட் பத்தொம்பதுதான் போனா.

சொல்லலையா நான்? சொன்ன மாதிரியே இருந்துச்சு. காலைல டீ எடுத்துட்டு மேல போனேன். டம்ளரை எங்க வெக்கறதுன்னு தெரியாம கைல வெச்சுட்டே நின்னுட்டிருந்தேன் ரொம்ப நேரம். அதுக்கப்புறமும் ஒம்பது செவ்வாய்க்கிழமை இங்க வந்துட்டேன். வீட்ல கேக்கறதுக்கு ஆளில்லன்னு தெரியும். கால் தானா வந்துடுது. புத்தகத்த மாடிப்படிக்குக் கீழதான் வெக்கறேன், இப்பவும்.

இல்லம்மா, தண்ணி வேண்டாம். அழுகைல்லாம் வரல. ஒண்ணும் வரல, அதான்.

இந்த லிஃப்ட் புத்தகத்த ஷெல்ஃப்ல வெக்காதீங்க, நேரா அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணிக் கூப்பிட்டுக் குடுத்துடுங்க. மத்த நாலும் வேணுமான்னு கேளுங்க. அட்ரஸும் குடுங்க, என் கார்டுல இருக்கறதுதான். விஷயத்தை நீங்க சொல்ல வேண்டாம். அவ லெட்டர் போடட்டும். வந்த அன்னிக்கே பதில் போட்டுடறேன்.

ரெண்டு வரிதானே. எழுதினவங்க இப்ப இல்லன்னு ஒரு வரி. புத்தகத்த இத்தனை நாள் உனக்குக் கிடைக்காமப் பண்ணினது அவங்க அண்ணன்தான்னு ஒரு வரி.

இன்னிக்கு எடுத்துட்டுப் போக எதுவும் வேண்டாம்மா. பையை மூடிக்கறேன்.