கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்த கேப்டன்

மேடையில் வீற்றிருக்கும் பெருமக்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் என் ஊர்ச் சனங்களே! இன்றைக்குக் கடலுக்குப் போகாமல் கருக்களாச்சேரியிலிருந்து வந்திருக்கும் தம்பிமார்களே! நெரவியிலிருந்தும் குரும்பகரத்திலிருந்தும் அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் சொந்தங்களே! எங்கள் கழகத்துப் பெண் பிள்ளைகளே! அனைவருக்கும் என் வணக்கம், என் சலாம்.

நான் வைத்தியலிங்கம். அரசலாறு ஹாக்கி கழகத்தின் பழைய கோல் கீப்பர். எனக்கு மேடைப் பேச்சு வராது. கோபம் வரும். இங்கே பலருக்கு அது தெரியும் என்பதால்தானோ என்னவோ, நான் மேடை ஏறுவதற்கு முன்னால் ஏற்பாட்டாளர் தம்பி ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப்போய், "அண்ணே, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருங்க. திடலைப் பத்தி மட்டும் பேசிராதீங்க. ஆபீசருங்க வந்திருக்காங்க" என்றார்.

தம்பி, உன்னைக் கேட்கிறேன். எங்கள் கேப்டன் அல்லா பிச்சை நானாவைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு, திடலைப் பற்றிப் பேசாதே என்றால் நான் எதைப் பேசுவது? அவர் கயிற்றுக் கடை வைத்திருந்தார் என்று பேசவா? நல்ல மனிதர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார் என்று சொல்லிவிட்டு இறங்கவா? அந்த மனிதர் செத்ததே அந்தத் திடலுக்காகத்தானே ஐயா! பேசத்தான் போகிறேன். ஆபீசர்கள் கேட்கட்டும்.

முதலில் இந்த மேசையைப் பாருங்கள். படம் இல்லை. விளக்கு இல்லை. ஒரு ஹாக்கி ஸ்டிக் மட்டும் கிடக்கிறது. கணவர் போன துக்கத்தில் வெளியே வராமல் இத்தா இருக்கும் நானாவின் மனைவி ஆஸியா பீவி அக்கா வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: "படம் வைக்காதீங்க, மாலை போடாதீங்க. அவங்களுக்குப் பிடிக்காது. அவங்க ஸ்டிக்கக் கொண்டுபோய் வைங்க, போதும்." அவ்வளவுதான் அந்த அம்மா கேட்டது. ஆனால் மேடையைப் பாருங்கள்! ஆளுக்கொரு ரோஜா மாலையோடு வந்து, எங்கே போடுவதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். செத்தவர் யார், எந்த வீட்டுக்காரர், அந்த வீட்டில் என்ன வழக்கம் என்றுகூட விசாரிக்காமல் வந்திருக்கிறீர்களே ஐயா! உயிரோடு இருந்தபோது விசாரித்திருந்தால்தானே இப்போது தெரிந்திருக்கும்? பரவாயில்லை, மடியிலேயே இருக்கட்டும். வாடட்டும்.

எழுபத்தாறாம் வருஷத்துப் பொங்கல் போட்டியை இங்கே பாதிப் பேர் கண்ணால் பார்த்தவர்கள். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். அப்போது எங்கள் கழகத்தில் மொத்தமே பதின்மூன்று பேர். அரையிறுதியில் ஜெயித்தோம், ஆனால் கருப்பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தியாகராசனுக்குக் கணுக்கால் பெயர்ந்தது. மிச்சம் பதினொரு பேர். மாற்று ஆள் கிடையாது. எதிரே யார்? வெளியூர் மில் அணி. அவர்களுக்கு மசாஜ் செய்யவே ஒரு ஆள் கூட வந்திருந்தான். நமக்கோ ஒரு வாளித் தண்ணீரும் எலுமிச்சம்பழமும்!

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. நடுவில் பந்தை மறித்துக்கொண்டிருந்த எங்கள் கேப்டன் அல்லா பிச்சை நானாவின் முட்டியில் ஒரு ஸ்டிக் விழுந்தது. தெரியாமல் பட்டதா, தெரிந்தே போட்டதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். அந்தச் சத்தம் கோலுக்குள் நின்ற எனக்குக் கேட்டது. நாலு பேர் தூக்கினார்கள். வண்டி தயாராக நின்றது. "ஆஸ்பத்திரிக்குப் போங்க நானா" என்று கெஞ்சினோம்.

போனாரா? எப்படிப் போவார்? எங்கள் கழகத்து வழக்கத்தை ஏற்படுத்தியவரே அவர்தானே! அடிபட்டவன் வீட்டுக்குப் போகக் கூடாது. நம் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் திடல் முழுக்கத் தெரியும், உள்ளே நிற்பவனுக்குக் குரல் கொடுக்கலாம். முதன்முதலில் என் விரல் உடைந்து நான் அழுதுகொண்டே கிளம்பியபோது என்னிடமே சொன்னார்: "கைதானேடா போச்சு? கண்ணு இருக்குல்ல? வாய் இருக்குல்ல? அது ஊருக்கே கேக்குமே! போய் உக்காருடா அங்க." அப்படி ஆரம்பித்த வழக்கம் அது. வேறு எந்த ஊர் அணியிலும் இதை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு என் கோலுக்குப் பின்னால் மூன்று பேர். கழுத்தில் தூளிக்கட்டோடு கருப்பையன். காலில் கட்டோடு தியாகராசன். நடுவில் பூசணிக்காய் கணக்காக வீங்கிய முட்டியோடு எங்கள் நானா. நடுவர் ஓடி வந்தார். "யாருய்யா இவங்க? கோலுக்குப் பின்னாடி ஆள் இருக்கக் கூடாது, தெரியாதா?" என்று சத்தம் போட்டார்.

நானா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னார்: "பந்து பொறுக்க உக்காந்திருக்கோம் சார்."

எழுந்து நிற்க முடியாத மூன்று பேர் பந்து பொறுக்க உட்கார்ந்திருக்கிறார்களாம்! நடுவர் அந்த முட்டியைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார், சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் வெளியூர்க்காரர்தான், ஆனாலும் மனுஷன்!

பத்துப் பேரோடு ஆடினோம். முதல் கோலை அவர்கள் போட்டார்கள். இடைவேளை வந்தது, பக்கம் மாற வேண்டும். கோல் மாறினால் பின்னால் இருக்கிறவர்களும் மாற வேண்டுமே! சனங்கள் திபுதிபுவென்று இறங்கி, யார் வீட்டுக் கயிற்றுக் கட்டிலையோ கொண்டுவந்து, நானாவை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு திடலின் குறுக்கே நடந்தார்கள். அவரோ கட்டிலில் படுத்தபடியே, "செல்லக்கண்ணு, வலது ஓரமாப் போ. அவங்க லெப்ட் பேக்குக்குத் திரும்பத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே போனார்.

செல்லக்கண்ணு! அதோ, மூன்றாவது வரிசையில் தொப்பையோடு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். எழுந்து நில்லுடா, பிள்ளைகள் பார்க்கட்டும்! இந்த ஆள் அன்றைக்கு எப்படி இருந்தான் தெரியுமா? குரும்பகரத்து வயல் வரப்பில் ஓடிப் பழகிய கால். என் கோலுக்குப் பக்கத்திலிருந்து பந்தை எடுத்தான். வலது ஓரமாகவே போனான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், அந்த லெப்ட் பேக் திரும்புவதற்குள் பந்து நடுவில் நின்ற கமாலுதீனிடம் போய்விட்டது. கமாலுதீன் அடித்த அடியில் கோல் பலகை அதிர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று!

இன்று குவைத்தில் இருக்கும் கமாலுதீனுக்கு அதற்கப்புறம் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணில் இறங்குகிறது. வெளியே போனால் ஒன்பது பேர்தான். "போக மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். திடலோரத்திலிருந்து ஒரு மீனவச் சகோதரர் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அதை இறுகக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாவது கோலையும் அடித்தான். ஐயா, நான் எத்தனையோ ஆட்டம் பார்த்துவிட்டேன். அந்த இரண்டு பேரும் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை இன்னொரு தடவை பார்க்கவில்லை.

கடைசியில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். வெயில் சரியாக என் கண்ணில். எனக்கு எதுவுமே தெரியவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "வைத்தி, இடது! இடது பக்கம் விழுடா!" யோசிக்கவே இல்லை, விழுந்தேன். பந்து என் கால் பேடில் பட்டு வெளியே போனது. நான் தடுத்தேன் என்று ஊரே என்னைத் தோளில் தூக்கியது. தடுத்தது யார்? அந்தக் குரல்தானே!

கோப்பை கொடுக்க வந்த பெரிய மனிதர், "கேப்டன் எங்கே?" என்று மைக்கில் கேட்டார். கமாலுதீனும் செல்லக்கண்ணுவும் மேடை ஏறவே இல்லை. "எங்க கேப்டன் நடந்து வர முடியாது, நீங்கதான் வரணும்" என்றார்கள். வந்தார்கள் ஐயா! மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு திடலைக் கடந்து, வடக்குக் கம்பத்துக்குப் பின்னால் கட்டிலில் கிடந்த நானாவிடம் வந்து கோப்பையைக் கொடுத்தார்கள். அங்கே வைத்துத்தான் கோப்பை கொடுத்தவர் ஒரு வாக்கும் கொடுத்தார். "இந்தத் திடல் என்றைக்கும் உங்கள் பிள்ளைகளுக்கே." மைக்கில் சொன்ன வார்த்தை. ஊரே கேட்ட வார்த்தை. நீங்கள் கேட்கவில்லையா? நான் கேட்கவில்லையா?

இப்போது அந்தத் திடலில் கடைத்தெரு கட்டப் போகிறார்களாம். யார் கேட்டார்கள்? ஊரில் கடைக்கா பஞ்சம்? நானாவே கடைக்காரர்தான், அவரே வேண்டாம் என்றார்! அவர் கால் அந்த ஆட்டத்திலிருந்து மடங்கவில்லை. சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் மடங்கியிருக்கும். அந்தக் காலை இழுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் திடலுக்கு வந்தார். மீனவப் பிள்ளைக்கும், குடியானவப் பிள்ளைக்கும், மரைக்காயர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே ஸ்டிக்கைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். பெண் பிள்ளைகளையும் ஆட வைத்தார். "பொட்டப் புள்ளைங்களுக்கு எதுக்கு பாய் இதெல்லாம்?" என்று கேட்டவர்களிடம், "உம் மவ உன்னவிட நல்லா ஓடுவா, அனுப்பு" என்றார். அந்தப் பிள்ளைகளின் கேப்டன் பங்கஜவல்லி இங்கே நிற்கிறாள். அவள் ஆட இனி எங்கே போவாள்? கடைக்குள்ளேயா ஆடுவாள்?

அதைக் கேட்கத்தான் அவர் அந்த அலுவலகத்துக்கு நடந்தார். எந்த அலுவலகம் என்று நான் சொல்லமாட்டேன், இந்த மேடையில் இருப்பவர்களுக்கே தெரியும். ஒரு தடவை நானும் கூடப் போனேன். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் யாருடையதோ ஒரு டிபன் பாக்ஸும் நனைந்த குடையும் இருந்தன. மடங்காத காலோடு ஒரு மனிதர் நிற்கிறார், அந்தக் குடையை எடுத்துக் கீழே வைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை! உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நாளைக்கு வாங்க பாய்." நான் சண்டைக்குப் போனேன். நானா என் கையைப் பிடித்து, "விடு வைத்தி, நாளைக்கு வருவோம்" என்றார்.

மழையில் போனார், "நாளைக்கு வாங்க." நோன்போடு போனார், "நாளைக்கு வாங்க." போன செவ்வாய்க்கிழமையும் போனார். உச்சி வெயில் வரை நின்றார். அதே பதில்தான். வீட்டுக்கு வந்து ஆஸியா அக்காவிடம், "நாளைக்கும் போகணும், அந்த வெள்ளைச் சட்டையத் தோச்சுப் போடு" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். மாரடைப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

உட்கார ஒரு பெஞ்சு கொடுக்காதவர்கள் இன்று மாலை கொண்டுவந்திருக்கிறார்கள்! அவர் பேச்சைக் கேட்காதவர்கள் அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கிறார்கள்! வெட்கமாக இல்லையா ஐயா? நான் கேட்கிறேன், கொஞ்சம்கூட வெட்கமாக இல்லையா?

தம்பி, மணியடிக்காதே. முடித்துவிடுகிறேன். இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது பங்கஜவல்லி என்னிடம் ஓடி வந்து சொன்னாள்: "சித்தப்பா, நாளைக்குக் காலையில திடலுக்கு முள்கம்பி போட வராங்களாம். கோல் கம்பத்தப் புடுங்கப் போறாங்களாம்." நாளைக்குக் காலையில்! அவர் செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இவர்களுக்கு நாளை விடிந்துவிட்டது. அவருக்கு மட்டும் ஒருநாளும் விடியாத நாளை!

அடுத்து எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். நான் எழ மாட்டேன், மௌனமாகவும் இருக்க மாட்டேன். மௌனமாக இருந்தவரா எங்கள் நானா? அந்த மனிதரின் குரல்தானே எங்களை ஜெயிக்க வைத்தது!

சனங்களே, நமக்குப் பலமாக அடிபட்டிருக்கிறது. கேப்டன் போய்விட்டார். ஆனால் அடிபட்டவன் வீட்டுக்குப் போகக் கூடாது. அது நம் கழகத்து வழக்கம். நாளைக்கு விடியும்போது நான் வடக்குக் கம்பத்துக்குப் பின்னால் இந்த ஸ்டிக்கோடு உட்கார்ந்திருப்பேன். கருப்பையன் வருவான், தியாகராசன் வருவான், செல்லக்கண்ணு தொப்பையோடு வருவான். பங்கஜவல்லியும் அவள் பிள்ளைகளும் திடலில் ஆடுவார்கள், நாம் பின்னாலிருந்து குரல் கொடுப்போம். நீங்கள் எல்லோரும் வரவேண்டும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், ஒரு நாளில் முடிகிற ஆட்டமில்லை இது.

ஆபீசர் ஐயாமார்களே, நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்றீர்களே. ஊரோடு வருகிறோம். முள்கம்பியோடு வருகிற உங்கள் ஆட்கள், "யாருய்யா நீங்கள்லாம், இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?" என்று கேட்கட்டும். எங்கள் கேப்டன் சொல்லிக் கொடுத்த பதில் எங்களிடம் இருக்கிறது.

பந்து பொறுக்க உக்காந்திருக்கோம் சார்.