சக்களத்தியின் கனம்

பயப்படாதீங்கண்ணே, சுடாது. கையில எடுத்துப் பாருங்க. குழாய் முனையே அடைச்சிருக்கு, குண்டு போடறதுக்கு இடமே கிடையாது. பாக்கறவங்க பயந்துடக் கூடாதேன்னுதான் போர்வையில சுத்திக் கொண்டுவந்தேன். பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா குழந்தையான்னு கேட்டாங்க. இத்தனை நீளத்துக்கு ஒரு குழந்தையா? ஆமாங்க, தூங்குதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் அந்தம்மா வழி முழுக்க மெதுவாவே பேசிட்டு வந்தாங்க, பாவம்.

இல்லண்ணே, எந்தப் பட்டாளத்துலயும் இது கிடையாது. வீடியோ கேம்ல வர்ற துப்பாக்கி. ஏதோ ஒரு கிரகத்துல ஆறு கால் ஜந்துங்க வருமாம், அதுங்களச் சுடறதுக்கு. பொம்மைன்னு சொன்னா எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வரும். மாடல்னு சொல்லணும். நான் சக்களத்தின்னுதான் சொல்றது. எண்ணெய் தொட்டுத் துடைக்கறதென்ன, ஈரக் காத்து படாம மூடி வைக்கறதென்ன. என்னை ஒரு நாள் அப்படிப் பாத்திருப்பாரா மனுஷன்?

சொல்றேன் சொல்றேன். வேலை இதான்: கனத்தைக் குறைக்கணும். ஆனா வெளிய பாத்தா இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும். ஒரு ஸ்க்ரூ இடம் மாறக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள திரும்பக் கொண்டுபோய் ஹால் சுவத்துல மாட்டிடணும். ஆமா, மாட்டற கொக்கி லூசாயிருக்கு, சுவர் பேந்துட்டு வருது, அதுக்குத்தான்.

வேற கொக்கி போடலாம்தான். அது தெரியாமலா இங்க வந்திருக்கேன்.

அவருக்குத் தெரியாதுண்ணே. பெயின்ட் போயிடுச்சு, டச்சப் பண்ணிட்டு வரேன்னு சொல்லித்தான் எடுத்துட்டு வந்தேன். இதோ இந்தக் கீறல் இருக்கே, நான் போட்டதுதான். கத்திரிக்கோல் முனையால. ஆல்டரேஷன் கடை வெச்சிருக்கேன், கத்திரிக்கோலுக்கா பஞ்சம். இப்ப அவர்கூட நாத்தனார் உக்காந்திருக்கா. அவளுக்கும் பெயின்ட் கதைதான். அவ வாய்க்குப் பூட்டே கிடையாது.

பிளாஸ்டிக்லயா? அதைச் சொல்லாத ஆள் இல்ல. மெஷின்ல அச்சு மாதிரி பண்ணிக் குடுத்துடுவாங்களாம், இதே கலர்ல. ஆகாது. காலையில இதைத் தொட்டா உள்ளங்கை சில்லுங்கும். அந்தச் சில்லிப்பு இல்லேன்னா பிடிச்ச கையோட வெச்சுடுவாரு. அலுமினியம் பரவால்ல, அதுவும் சில்லுனுதான் இருக்கு. பாருங்க, இந்தப் பக்கம் இருக்கற தகடு ரெண்டும் அலுமினியம்தான். கண்டுபிடிச்சீங்களா? முன்னாடி இரும்பா இருந்தது. நீங்கதான் முதல் ஆள்னு நெனைக்காதீங்க. பழைய பட்டறைக்காரர் ஏற்கெனவே ரெண்டு தடவை வேலை பாத்திருக்காரு. முதல் தடவை குழாய்க்குள்ள இருந்த கெட்டி ராடை உருவிட்டாரு. ரெண்டாவது தடவை தகடு. இந்தத் தடவை போனப்ப, இதுக்கு மேல கை வெச்சா இது தகர டப்பாம்மா, எனக்கு மனசு வரலன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. அதான் விசாரிச்சுக்கிட்டு உங்ககிட்ட வந்தேன்.

யாரு பண்ணினதா? அவரேதான். முழுக்க முழுக்க. லிஃப்ட் கம்பெனியில தகடு செக்‌ஷன்ல இருந்தாரு. நீங்க ஏறி இறங்கற லிஃப்ட் கதவு இருக்கே, அது மடங்கற இடம், ஓரம், எல்லாம் அவர் கை பட்டதா இருக்கும். பொண்ணு வேலைக்கு வெளியூர் போறப்ப கேம் பெட்டியை எங்க வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டா. தூசி தட்டறேன்னு உக்காந்தவரு, எழுந்திரிக்கல. அந்த கேம்ல வர்ற ஆளு இந்தத் துப்பாக்கியைத் தூக்கினா ஓட முடியாதாம், நடக்கத்தான் முடியுமாம். அவ்வளவு கனமாம். அது அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மத்தவங்க எல்லாம் வேகமா ஓடற துப்பாக்கியா எடுப்பாங்களாம், இவரு மட்டும் இதைத் தூக்கிக்கிட்டு மெதுவா நடப்பாரு. பின்னாடியிருந்து ஜந்துங்க கடிச்சுக் கடிச்சுத் தின்னும். தின்னுட்டுப் போகட்டும் விடும்பாரு.

அப்புறம் அதையே செய்யணும்னு ஆரம்பிச்சாரு. டிவி மேல ஸ்கேலை வெச்சு அளவு எடுத்தாரு, நிஜமாத்தாண்ணே, சிரிக்காதீங்க. அந்த ஆளோட கை நாலு அங்குலம்னு கணக்குப் போட்டு, அதை வெச்சு மத்த அளவெல்லாம். கைப்பிடி செஞ்சு பாத்தா குச்சி மாதிரி இருக்கு, பிடிச்சா விரல் உள்ளங்கையில இடிக்குது. அப்பத்தான் உறைச்சுது, அந்த ஆளு இரும்புக் கையுறை போட்டிருக்கான்னு! ஒரு வாரத்து வேலை பாழ். என் முகத்தையே பாக்கல அன்னைக்கு. நான் சமையல்கட்டுல போய்ச் சிரிச்சுட்டு வந்தேன்.

இந்த வலது பக்கத்தை மட்டும் தொடாதீங்க. கேம்ல இந்தப் பக்கம் யார் கண்ணுலயும் படாது. துப்பாக்கி எப்பவும் டிவியோட வலது மூலையில இருக்கும், பிடிச்சிருக்கற ஆளு கண்ணுக்குத் தெரியற மாதிரி. அந்தாண்ட என்ன இருக்குன்னு கேமைச் செஞ்சவனுக்கே தெரியுமோ என்னமோ. என்ன வைக்கட்டும்னு எங்கிட்ட கேட்டாரு. ஜீன்ஸ் பேன்ட் ஓரத்துல ரெட்டைத் தையல் போடுவோமே, அந்த மாதிரி ரெண்டு வரிசை ரிவெட் வையுங்கன்னு வெளையாட்டுக்குச் சொன்னேன். வெச்சுட்டாரு. அந்தப் பக்கத்தைத்தான் சுவர் பக்கமா திருப்பி மாட்டுவாரு. என்னங்க இது, என் தையலை மறைக்கறீங்களேன்னு கேட்டா, உன்னைப் பாக்கத்தான் அதுன்னாரு. சுவத்துக்குள்ள நான் எங்கண்ணே இருக்கேன்? பேச்சு அப்படித்தான் இருக்கும், தலையும் காலும் புரியாது.

முடிக்கறப்பதான் கைக் கோளாறு தெரிய ஆரம்பிச்சுது. ஸ்பேனர் நழுவும். எண்ணெய்க் கைன்னாரு. சட்டைப் பட்டன் போட முடியல, நீ துளையை இறுக்கமாத் தைக்கறேன்னு என் மேல பழி போட்டாரு. நரம்பு டாக்டர்கிட்ட போனா, ஊசி குத்தி, கரண்ட் வெச்சு, என்னென்னமோ பாத்துட்டு, சதை கரையற வியாதிங்கறாரு. நரம்பு ஒவ்வொண்ணா படுத்துக்குமாம். மருந்து மாத்திரை எல்லாம் கொஞ்சம் மெதுவாக்கத்தான், நிறுத்தறதுக்கு இல்ல. அவரை வெளிய உக்கார வெச்சுட்டு என்கிட்ட தனியா சொன்னாரு. அவர்கிட்ட, மெதுவாத்தாங்க போகும், தினம் பயிற்சி பண்ணுங்கன்னு மட்டும் சொன்னாரு.

இவரு ரப்பர் பந்தை அமுக்குவாரா, சின்னப் பசங்க மாதிரி? மாட்டாரு. இதைத்தான் எடுத்தாரு. தினம் காலையில பல் தேச்சவுடனே ஜன்னல்கிட்ட நிப்பாரு. சுவத்துலேர்ந்து இதை இறக்கி, தோள் வரைக்கும் தூக்கி, எதிர்வீட்டு மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைக் குறி பாப்பாரு. டுமீல்னு வாயால ஒரு சத்தம். தூக்கிட்டாருன்னா அன்னைக்கு ஆளே வேற. நாத்தனாரை வம்புக்கு இழுப்பாரு, ஃபோன்ல பொண்ணுகிட்ட உங்கம்மா சமையலால நாக்கு செத்துப்போச்சும்பாரு.

ஒரு நாள் தோளுக்கு வரல. நெஞ்சு வரைக்கும் வந்துது, அதுக்கு மேல ஏறல. திரும்ப முயற்சி பண்ணினாரு. அப்புறம் கீழ வெச்சுட்டு, போய் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாரு. அன்னைக்கு ஷேவ் பண்ணிவிடப் போனேன், வேண்டாம்னுட்டாரு. சாப்பாடும் வேண்டாம். டிவியும் போடல. அந்த நாளை இன்னொரு தடவை பாக்க என்னால முடியாதுண்ணே.

நம்ம கடைக்கு வர்றவங்க இருக்காங்களே, பழைய பேன்ட் எடுத்துட்டு வருவாங்க. ஜிப் ரிப்பேர்னு குடுப்பாங்க. பாத்தா ஆள் ஊதியிருப்பாங்க. நான் ஜிப்பையும் மாத்தி, இடுப்புத் தையலையும் ஒரு விரல் விட்டுத் தெச்சுக் குடுத்துடுவேன். சொல்ல மாட்டேன், அதுக்குக் காசும் வாங்க மாட்டேன். போட்டுப் பாத்துட்டு, பாத்தீங்களா, இன்னும் அப்படியே நிக்குதுன்னு தட்டிக்கிட்டே போவாங்க. ஒருத்தரும் திரும்பி வந்து ஏன் பண்ணினேன்னு கேட்டதில்ல.

அதான், கொக்கி கிக்கி எல்லாம் ஒண்ணுமில்ல. அந்த வித்தைதான் இது. ராடை உருவினதுக்கு மறுநாள் காலையில தோள் வரைக்கும் வந்துது. டுமீல்! பயிற்சி வேலை செய்யுதுடீன்னாரு. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். தகடு மாத்தினப்பவும் அப்படித்தான், கொஞ்ச நாள் ஓடிச்சு. இப்ப மறுபடியும் நெஞ்சுகிட்ட வந்து நடுங்குது. நாளைக்கோ அடுத்த நாளோ நின்னுடும். இந்தப் பின்கட்டை, தோள்ல சாயற இடம், அது கெட்டி இரும்பு. அதைக் குடைஞ்சு எடுத்தா எவ்வளவு குறையும்? ஓரம் மட்டும் விட்டுடுங்க, வளையாம இருந்தாப் போதும்.

அப்புறம் என்ன பண்ணுவேனா? அப்புறம் குறைக்க ஒண்ணும் இருக்காது. அதை அப்பப் பாத்துக்கலாம்ண்ணே.

சத்தமா? ஆமா, தட்டினா வேற மாதிரிதான் கேக்கும். கெட்டி இரும்பு ஒரு தினுசு, கூடு ஒரு தினுசு, அது எனக்கே தெரியுதே. அவருக்கா தெரியாது? பீரோ வாங்கப் போனா கடையில இருக்கற அத்தனை பீரோவையும் நகத்தால தட்டுவாரு. காதை வெச்சுக் கேட்டுட்டு, இது பெயின்ட்தான், தகடே இல்லன்னு கடைக்காரர் முகத்துக்கு நேரா சொல்லுவாரு. நாங்க பீரோ வாங்கின கதையே தனிக் கதை. லிஃப்ட்ல ஏறினா கதவைத் தட்டாம இறங்க மாட்டாரு. பஸ், கேட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில், எதையும் விட்டதில்ல. சக்களத்தியையும் சுவத்துல மாட்டறதுக்கு முன்னாடி தினம் ரெண்டு தட்டு தட்டித்தான் மாட்டுவாரு, தட்டிக் குடுக்கற மாதிரி.

இல்லண்ணே, இப்பத் தட்டறதில்ல. ராடை உருவிட்டுக் கொண்டுபோய் மாட்டின மறுநாள் காலையில தட்டினாரு. ரெண்டாவது தட்டு பாதியிலயே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நகம் படவே இல்ல.

நீங்க ஆரம்பிங்க. நேரமாச்சுன்னா நாத்தனார் ஃபோன் பண்ணுவா.