பூட்டாத பெட்டகம்

புதிதாக வருகிறவர்களுக்கு எங்களிடம் இருப்பதிலேயே வங்கிக் கொள்ளை அறைதான் நல்லது, ஐயா. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். காசு கொடுத்து உள்ளே போய், துப்புகளைத் தேடிப் பிடித்து வெளியே வருகிற விளையாட்டு, அவ்வளவுதான். முன்னால் மேனேஜர் அறை, அதற்குள் ஒரு பெட்டக அறை, நடுவில் இரும்பு மாதிரி பெயின்ட் அடித்த மரக்கதவு. குழந்தைகள்கூடச் சிரித்துக்கொண்டே ஜெயித்துவிட்டுப் போவார்கள். மண்டையைக் குடையும் அறைகள் வேறு இருக்கின்றன. இருட்டு, புகை எல்லாம் அங்கேதான்.

கேமரா முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. யாராவது திணறினால் ஸ்பீக்கரில் ஒரு குறிப்பு கொடுப்பேன். இரண்டு அறைக்கும் தனித்தனி மைக். தொடங்கும் முன் எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். பை, போன் எல்லாம் வெளியே பெட்டியில் வைக்க வேண்டும், எதையும் உடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைசியில், "எதுவுமே பூட்டல. கதவுல சின்னக் காந்தம்தான். பயமா இருந்தா உள்ள இருக்கறவங்க அழுத்தித் தள்ளுங்க, வெளிய இருக்கறவங்க இழுங்க, திறந்துடும்" என்பேன். அதைக் கேட்டதும் முகங்களில் ஒரு நிம்மதி வரும்.

தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். எந்தப் படிப்பு, எந்தச் செருப்பு, எந்தத் தோழி என்று எல்லாம் நான் பார்த்துச் செய்தது. மாப்பிள்ளையையும் நான்தான் பார்த்தேன். தங்கமான மனிதர். மூச்சிரைப்பு மட்டும் உண்டு. இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார். மாற்றல் கிடைத்திருக்கிறது, வெளியூர் போகிறோம் என்று ஒருநாள் இருவரும் வந்து நின்றார்கள். அவர்தான் அவள் மனதைக் கலைத்துவிட்டார் என்பது எனக்குப் பார்த்தவுடனே புரிந்தது. "நான்தாண்ணா மாற்றல் கேக்கச் சொன்னேன்" என்றாள். அவளுக்குப் பொய்யே வராது. அன்றைக்கு அவருக்காகச் சொல்லியிருக்கிறாள்.

கோபமெல்லாம் இல்லை. ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை வந்து விளையாடிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. உங்கண்ணனுக்கு மனசு ஆறிடுச்சு என்று தங்கையிடம் சொன்னாராம். போனைப் பெட்டியில் வைத்தவர், இன்ஹேலரை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எல்லாருக்கும் ஒரே விதிதான் மாப்பிள்ளை என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். கதவைப் பற்றிய அந்தக் கடைசிப் பேச்சை அன்று பேசவில்லை. வீட்டு மனிதர்களிடம் எதற்கு அத்தனை விளக்கம் என்று விட்டுவிட்டேன்.

அவர் பெட்டகத்துக்குள் நுழைந்ததும் கதவு சாத்திக்கொண்டது, அபாய மணி அடித்தது. அது எப்போதும் நடப்பதுதான். புகையும் வந்தது. அது எப்போதும் நடப்பதில்லை. பக்கத்து அறையின் புகை மெஷினைக் காலையிலேயே கொண்டுவந்து மாட்டியிருந்தேன்.

இருமல் தொடங்கியது. சுவரைத் தட்டினார். நடிக்கிறார் என்று தங்கை முதலில் சிரித்தாள். அப்புறம் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, அவருக்கு நிஜமாவே முடியல. இதை எப்படித் திறக்கறது?"

கஷ்டம் என்று வந்தால் அவள் என்னைத்தான் தேடுவாள், சின்ன வயதுப் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு அதை நான் பார்க்கவே இல்லை. எனக்கு மனது நிறைந்துவிட்டது, ஐயா, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உள்ளே இருந்த மாப்பிள்ளையிடம், "இழுங்க, இன்னும் பலமா இழுங்க" என்றேன். மைக்கை மாற்றித் தங்கையிடம், "தள்ளும்மா, விடாம தள்ளு" என்றேன். இருவருமே என் பேச்சைத் தட்டாதவர்கள். அவள் தோளைக் கொடுத்து, உடம்பில் இருந்த தெம்பையெல்லாம் திரட்டித் தள்ளினாள்.

உள்ளே சத்தம் அடங்கிய பிறகு எழுந்து போனேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். திறந்தது. தங்கை அவரைக்கூட அப்போது பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இழுத்தா திறக்குமாண்ணா?"

"நான் இழுன்னுதானே சொன்னேன். பதட்டத்துல தள்ளிட்ட. விடும்மா."

அவள் நம்பினாள். நான் சொன்னதை அவள் என்றைக்கு நம்பாமல் இருந்திருக்கிறாள்.

நீங்கள் மைக்கின் பதிவைக் கேட்டுவிட்டீர்கள், இனி சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஆமாம், நான்தான் செய்தேன். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பதிவைத் தங்கைக்கு மட்டும் போட்டுக் காட்டாதீர்கள், தாங்க மாட்டாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வெளியூர்ப் பேச்சே இல்லை. கதவு என்றாலே ஒதுங்கி நிற்கிறாள், எதையும் தானாகத் தொடுவதில்லை. எல்லாக் கதவையும் நான்தான் திறந்துவிடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. வீட்டுக்கு யாரையாவது அனுப்பி வையுங்கள். காலையில் நான் கிளம்பும்போது அவள் தன் அறையில் இருந்தாள். பசித்தாலும் தானாக வெளியே வர மாட்டாள். பூட்டவில்லை, ஐயா. சும்மா சாத்தித்தான் வைத்திருக்கிறேன்.