பதினேழாவது போல்ட்

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு அன்றைக்கு நல்ல நாள். நான் பேராசைக்காரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் கல்யாணமாகி ஆறு வருடமாக நான் பேருந்தில் ஏறவில்லை. மாமனார் தன் காரில் என்னை அலுவலகத்தில் கொண்டுபோய் விடுவார். நாற்பது நிமிடப் பயணம். அவர் ஒரு துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். துறை போய்விட்டது, தலைமை மட்டும் மிச்சம். நான் தலை வாரும் விதத்தில் தொடங்கி, மேலதிகாரியிடம் இருமும் விதம் வரை, சிக்னலுக்கு ஒரு அறிவுரை. பச்சை விழுந்தாலும் நிற்காது.

ஒருநாள் எஞ்சினில் ஏதோ கீச்சிட்டது. தெருமுனை மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும் என்றார். எஞ்சினின் உறுப்புகளையெல்லாம் ஒரே தாளத்தில் ஓடவைக்கும், பல் வைத்த பட்டை அது. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எஞ்சின் போச்சு.

"வீட்லயே நான் பண்ணிக்கிறேன்" என்றார் மாமா.

"சார், இது குழாய்க்கு வாஷர் மாத்துற வேலை இல்ல."

"முந்நூறு பேரை மேய்ச்சவன்யா நான். ஒரு பெல்ட்டை மாட்டத் தெரியாதா? வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள என் கையால இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணலேன்னா, அப்புறம் ஸ்டியரிங்கையே தொடமாட்டேன். வண்டியை நீயே எடுத்துக்க!"

தெருவே கேட்டது. மாமா சொன்ன சொல் தவறாதவர். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அடுத்தபடியாக அவருக்கு இருந்த கோளாறு அதுதான்.

திங்கட்கிழமை உதவிக்கென்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். பானட்டைத் திறப்பதற்கு முன் கால் மணி நேரம் உரையாற்றினார். நானும் மனைவியும் அத்தையும் நின்றபடி கேட்டோம். பிறகு அறுவை சிகிச்சை நிபுணர் மாதிரி உள்ளங்கையை நீட்டினார். அத்தை ஒரு ஸ்பானரை வைத்தார்.

"இது பன்னெண்டு. நான் பத்து கேட்டேன்."

"மனசுக்குள்ள கேட்டா எனக்கு எப்படிங்க கேக்கும்?"

உள்ளதைச் சொல்ல வேண்டும். வேலையைச் சுத்தமாகச் செய்தார். எஞ்சின் வரைபடத்தைப் பார்த்தார், பல்லுக்குப் பல் குறி போட்டார், கழற்றிய போல்ட்டுகளை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தார். மதியம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில், பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு போல்ட்டை நான் அந்தத் தட்டில் போட்டேன். அதே அளவு, அதே துரு. ஒரே ஒரு போல்ட், ஒரே ஒரு முறை. மீதியை அவரே பார்த்துக்கொண்டார்.

மாலையில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. அப்படியே சாவியைத் திருப்பிவிடும் ஆள் இல்லை அவர். செவ்வாய்க்கிழமை மறுபடி பிரித்தார். இந்த முறை எண்ணினார். போல்ட் பதினேழு, துளை பதினாறு. வேறு யாராக இருந்தாலும் போல்ட் அதிகம் என்று நினைத்திருப்பார்கள். வாழ்நாளெல்லாம் துறை நடத்தியவருக்கு ஆள் அதிகம் என்று ஒருபோதும் தோன்றாது. நாற்காலி குறைவு என்றுதான் தோன்றும். ஆகவே, காணாமல் போன துளையைத் தேடத் தொடங்கினார்.

புதன்கிழமை டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துத் தேடினார். வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அறிவுரை நின்றது. வெள்ளிக்கிழமை சட்டைப் பொத்தான்களை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டார். "கதவைப் பூட்டுனேனான்னு நீங்க ஒரு தடவ பாருங்க, மாப்ளே" என்றார். பூட்டித்தான் இருந்தது.

"தூக்கத்துலகூட பதினேழு, பதினேழுங்கறாரு" என்றார் அத்தை. "உங்களுக்கு ஏதாச்சும் புரியுதா, மாப்ளே?"

"வயசாகுது, அத்தை" என்றேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. சனிக்கிழமை, எஞ்சின் பிரிந்து கிடந்தபோது, அந்தப் போல்ட்டைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். மாலையில் மாமா மாட்டி முடித்தார். தட்டு காலி. துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பதினேழு இருந்துச்சே. ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு."

"எல்லாம் சரியாத்தான் இருக்கும், மாமா. சாவியைத் திருப்புங்க."

"திருப்புனா எஞ்சினே போயிடும்" என்று சாவியை என் கையில் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை அவரே கூட்டி வந்தார். "எடுத்துக்கப்பா. உள்ள ஒரு போல்ட் கெடக்கு, பாத்து."

மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார், எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது.

"உள்ள ஒண்ணுமே இல்லியே, சார். கம்பெனியில பண்ண மாதிரி இருக்கு. யாரு பண்ணது?"

"உன் கைராசிப்பா அது. நான் திருப்பியிருந்தா ஓடியிருக்காது" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன மாப்ளே, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ஆறு வருடத்தில் அவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அதுதான் முதல் முறை. போல்ட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

"ஆமா மாமா, கைராசிதான்" என்றேன்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காலில் இரண்டு செருப்பும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் பாவம், வயதான மனிதர். பெரியவர்கள் மனதை நோகடிக்க எனக்கு வராது.