கட்டைவிரல் மறைத்த எண்

நான் எடுக்கும் எந்தப் படத்திலும் அட்டை எண் தெரியாது. புது ரேஷன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம், "கட்டைவிரலை நம்பர் மேல வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படமெடுப்பேன். முகவரியின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவேன். கீழ்வேளூரில் என்னுடையது தவிர வேறு இ-சேவை மையங்களும் இருக்கின்றன. அங்கே இதெல்லாம் பார்ப்பதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

செந்தாமரையின் படத்தில் மட்டும் சீட்டு ஏன் இல்லை என்று நேற்று இதே ஸ்டேஷனில் கேட்டீர்கள். ஒட்ட மறந்துவிட்டேன் என்றேன். நீங்கள் 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டீர்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த மையத்தை நடத்துகிறேன். வள்ளியம்மையிடம் கொடுத்த காகிதம் தொலைந்தது என்று ஒருவர் சொல்லட்டும். அந்த வார்த்தையைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

செந்தாமரை தை அறுவடை சமயத்தில் வந்தாள். கூடவே ஆறு வயது மகள் பூவிழி. மயிலாடுதுறைப் பக்கத்தில் இருக்கும் புருஷன் நெடுமாறனிடமிருந்து தப்பி வந்தவள். பெண்ணின் பள்ளிக்கும் அரிசிக்கும் தனி அட்டை வேண்டும் என்றாள். போன் எண் கேட்டேன்.

"உங்க நம்பரையே போட்டுக்குங்கக்கா. என் நம்பர் எங்க போனாலும் அவர் கைக்குப் போயிடும்."

இது புதிதில்லை. போன் இல்லாதவர்கள், இருந்தும் படிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் என் எண்ணைத்தான் கொடுப்பார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பாதிப் பேருக்கு வரவேண்டிய குறுஞ்செய்தி என் போனுக்குத்தான் வரும். யாருக்கு என்ன வந்தது என்று இன்னொருவரிடம் நான் வாய் திறந்ததில்லை.

பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கினால்தான் புதியது கிடைக்கும். அதற்கான ஓடிபி குடும்பத் தலைவரின் போனுக்குப் போகும். அதனால் நெடுமாறனைப் போனில் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினான். "எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்றான். அதைச் சொல்லக்கூடாது தம்பி என்றேன். பிறகு ஓடிபியைச் சொன்னான். என் எண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டான். அவனுடையதை நானும் சேமித்தேன்.

மாலையில் அன்றைய படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது என் வழக்கம். அன்றிலிருந்து அதை முதலில் பார்ப்பவன் அவன்தான். மையம் எங்கே என்று தெரிந்துகொண்டான். ஆனால் அவள் இருப்பது எந்தக் கிராமம், எந்தத் தெரு என்று தெரியவில்லை. இரண்டு முறை கடைக்கே வந்தான். வெறும் கையோடு அனுப்பினேன். அப்போதெல்லாம் அவளைக் காப்பாற்றியது நான்தான்.

அட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க ஒரு நாள் செந்தாமரை வந்தாள். கூட்டம் இல்லை. டீ வாங்கி வைத்திருந்தேன். என் முழங்கைத் தழும்பைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"எங்க வீட்டுக்காரர். அரிவாள்மணையால."

"எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"இருபத்திரண்டு. அவரு போற வரைக்கும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பாவம்க்கா நீங்க. நானும் பெருசாத்தான் பயந்துகிட்டு இருந்தேன். வந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. பஸ் ஏறணும், அவ்வளவுதான்."

கேலியாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிற்கும் இடம் இருநூறு அடி. அடுப்படி ஜன்னலிலிருந்தே தெரியும். நாகப்பட்டினம் வண்டியும் திருவாரூர் வண்டியும் வந்து நின்று போவதைப் பார்த்துக்கொண்டேதான் இருபத்திரண்டு வருஷம் சமைத்தேன். கணவர் படுக்கையில் விழுந்த பிறகு மலம் எடுத்துப் போட்டேன். வள்ளியம்மை மாதிரி பொறுமை யாருக்கு வரும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கென்று இருப்பது அந்தப் பேச்சு ஒன்றுதான். அவள் சொன்னது சரியென்றால் அதுவும் இல்லை.

புது அட்டை ஆனியில் வந்தது. படம் வேண்டாம் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆபீசுக்கு அனுப்பவேண்டும், கட்டாயம் என்றேன். நான் சொன்னால் நம்புவாள். கட்டைவிரலை எண்ணின் மேல் வைக்கச் சொன்னேன். மஞ்சள் சீட்டுக் கட்டு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கலாம் என்று நாமே தேர்ந்தெடுக்க முடியும். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் போனில் மூவாயிரத்துக்கு மேல் எண்கள் இருக்கின்றன. நான் ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தேன். மாலை ஆறு நாற்பதுக்கு வைத்தேன். ஆறு நாற்பத்திரண்டுக்குப் பார்த்தவர் ஒருவர் என்று காட்டியது. உடனே நீக்கிவிட்டேன். அது ஊரெல்லாம் பரவியிருந்தால் அவள் மானம் என்ன ஆவது.

குடும்பம் சேரட்டும் என்று செய்ததாக முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்ல இருந்தேன். ஆனால் ஓடிபியைச் சொல்லிவிட்டு நெடுமாறன் இன்னொன்றும் சொன்னான். "பேரை நீங்க எடுங்கக்கா. ஆளை நான் எடுத்துக்கறேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். அந்தக் குரல் எனக்குப் பழக்கம். அந்தக் குரலில் சொன்னதை எங்கள் வீட்டுக்காரர் செய்யாமல் விட்டதில்லை. நான் சரி தம்பி என்று சொல்லிவிட்டு ஓடிபியைத் தட்டினேன்.

ஆற்றில் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. வாய்க்கால் மதகில் முள்ளோடு முள்ளாகச் சேலை சிக்கி அவள் உடல் கிடந்ததை நாற்றங்காலுக்குப் போனவர்கள் பார்த்தார்கள். நானும் போய் நின்றேன். பூவிழி என்னைத்தான் வந்து கட்டிக்கொண்டது. இந்த மாதம் அவர்கள் அட்டைக்கு அரிசி வாங்கிய செய்தி என் போனுக்கு வரவில்லை.

ஆகவே அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள், மேடம். அவன் போனிலிருந்து நீங்கள் எடுத்த அந்த ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். ஊரும் தெருவும் கதவு எண்ணும் தெரியும். அட்டை எண் மட்டும் தெரியாது. கட்டைவிரல் சரியாக அதன் மேல் இருக்கிறது. நான் எப்போதும் கவனமாகத்தான் இருந்தேன்.