ஒண்ணுக்கு மன்னன் ரிஷி

இல்லண்ணே, உங்க டாக்சி ஏர்கான் ஒழுகல. என் மவன் ரிஷிதான். சாரிண்ணே. டிஷ்யூ இருக்கா? இருக்கிறது எல்லாத்தையும் குடுத்துடுங்க லா.

ஆஸ்பத்திரி வாசல்லதான் டயப்பர் மாத்தினேன், அதுக்குள்ள பாருங்க. சிரிங்க, பரவால்ல. அங்க வார்டுல நர்ஸ் மிஸ்ஸிங்களே சிரிச்சாங்க.

வயித்துல இருக்கறப்பவே இதே கூத்துதான். ஏழாம் மாசத்துல என் வயிறு உங்க டேஷ்போர்டு வரைக்கும் முட்டும். ரெட்டப்புள்ளதான்னு எங்க மாமியார் ரெண்டு தொட்டில் வாங்கிட்டாங்க. பாத்தா இவன் ஒருத்தன்தான், மீதி பூரா தண்ணி! உள்ளயே பேஞ்சு பேஞ்சு ரொப்பி வச்சிருக்கான். பத்து வாரம் முன்னாடியே வெளிய வந்துட்டான்.

டாக்டர் விஷ்ணுப்ரியாதான் கண்டுபிடிச்சாங்க. டயப்பரை எல்லாம் எடை போட்டு எடை போட்டு எழுத வச்சாங்க. ஒரு நாள் குனிஞ்சு பாக்கறாங்க, மூக்குக்கண்ணாடி மேலயே அடிச்சான். தொடச்சுக்கிட்டு, இதுல உப்பு எவ்ளோ போகுதுன்னு டெஸ்ட் பண்ணுங்கன்னாங்க. அதான் விஷயம். இவன் கிட்னிக்கு உப்பைப் புடிச்சு வைக்கத் தெரியலயாம், தண்ணியோட சேத்து விட்டுடுதாம். இந்த நோய்க்கு பார்ட்டர்னு பேரு. ரொம்ப அபூர்வமாம்.

மருந்தா? உப்புதாண்ணே! பால்ல அளந்து குடுக்கணும். பொட்டாசியமும் இருக்கு. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. ஆயுசுக்கும் இப்படித்தான்.

பரம்பரையா வர்றதுன்னு சொன்னதும் மாமியார் எங்கம்மாவ மொறச்சாங்க, எங்கம்மா அவங்கள மொறச்சாங்க. டாக்டர் சொல்றாங்க, அப்பாகிட்டருந்து ஒரு பங்கு, அம்மாகிட்டருந்து ஒரு பங்கு, ரெண்டும் சேந்தாத்தான் வருமாம். சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாய மூடினது அன்னிக்குத்தான்.

கிள்ளான்ல எங்க வீடு வரைக்கும் மெதுவாவே போங்கண்ணே.

பின்னாடி மோட்டார் பைக்குல ஒருத்தர் வர்றாரா? பயப்படாதீங்க, அது எங்க வீட்டுக்காரரு. கார்ல ஏற மாட்டேன்னுட்டாரு. மூத்தவனை வீட்டுக்குக் கொண்டு வந்தப்ப கார்ல அவருதான் மடியில வச்சிருந்தாரு.

இல்லண்ணே, மூத்தவன் இப்ப இல்ல. அவனும் குறை மாசம்தான். வார்டுல பதினொரு நாள்தான் உயிரோட இருந்தான். அவனுக்கும் இதேதான் இருந்திருக்கும்னு டாக்டர் இப்பதான் சொன்னாங்க. அப்ப யாருக்கும் தெரியல. தெனம் கண்ணாடி வழியா எட்டிப் பாத்து, நம்ம புள்ள நல்லா ஒண்ணுக்குப் போறான்னு நாங்க ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டுட்டு வருவோம்.